விட்டு வைத்த வெண்மை: நீர்வண்ணத்தில் ஒரு விளக்குத் திருவிழா

ஜப்பானியக் கோயில் திருவிழாவின் இரவுக் காட்சியை நீர்வண்ணத்தில் தீட்டிய ஓவியத்தில், மிகப் பிரகாசமாகத் தெரியும் இடத்தில் பெரும்பாலும் வண்ணமே இருக்காது. வரிசையாகத் தொங்கும் காகித விளக்குகளின் நடுவயிற்றில் தெரிவது வெறும் காகிதம். ஓவியர் உழைத்ததெல்லாம் அதைச் சுற்றியுள்ள இருட்டைத் தீட்டுவதற்காக. வெளிச்சத்தைத் தூரிகையால் வைக்க வழியில்லாத ஓர் ஊடகத்தில் விளக்கு எரிவதுபோல் தோன்றுவது எப்படி என்ற கேள்விக்கு இயற்பியலும் வேதியியலும் கண்ணின் செயல்முறையும் சேர்ந்துதான் விடை சொல்ல வேண்டும்.

இத்தகைய காட்சிக்குப் பேர்போன இடங்களில் ஒன்று கியோட்டோ நகரின் யசாக்கா கோயில். அங்கு ஒவ்வொரு ஜூலையிலும் நடக்கும் கியோன் திருவிழா, கி.பி. 869இல் பரவிய கொள்ளைநோயைத் தணிக்க நடத்திய வழிபாட்டில் வேர்கொண்டது. ஜூலை 17ஆம் தேதி பெரிய ஊர்வலம். அதற்கு முந்தைய இரவுகளில் தெருக்களில் நிற்கும் தேர்களின் முகப்பில் விளக்குகளை அடுக்கடுக்காகக் கட்டுகிறார்கள். கோயில் வளாகத்தின் நடன மேடையைச் சுற்றி மூன்று அடுக்குகளில் நூற்றுக்கணக்கான வெள்ளை விளக்குகள் தொங்குகின்றன. நாரா நகரின் கசுகா பெருங்கோயிலில் காட்சி வேறு மாதிரி: கல்லாலும் வெண்கலத்தாலும் ஆன சுமார் 3,000 விளக்குகளைப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் ஏற்றுகிறார்கள். கல் விளக்கில் ஒளி சிறு சாளரங்களின் வழியே கசியும். காகித விளக்கில் உடல் முழுவதுமே ஒளிரும். நீர்வண்ண ஓவியர்களைத் திரும்பத் திரும்ப இழுப்பது இந்தக் காகித விளக்குதான்.

இதன் ஜப்பானியப் பெயர் சோச்சின். துண்டு துண்டாகப் பிரித்தெடுக்கக்கூடிய மர அச்சின் மேல் மெல்லிய மூங்கில் சிம்பைச் சுருளாகச் சுற்றி, காகிதத்தை ஒட்டி உலரவிட்டு, பிறகு அச்சை உள்ளிருந்தே கழற்றி எடுத்துவிடுவார்கள். கியோட்டோவின் பழைய முறையில் ஒவ்வொரு மூங்கில் வளையமும் தனித்தனி. வேலைக்கு எடுக்கும் காகிதம் வாஷி. கோசோ எனப்படும் காகித முசுக்கொட்டைச் செடியின் உள்பட்டையை வேகவைத்து, அடித்து, நீரில் கலைத்து வார்த்தது. மரக்கூழ் காகிதத்தின் இழை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். கோசோ இழை சுமார் 10 மில்லிமீட்டர். அதனால் மிக மெல்லியதாக வார்த்தாலும் கிழிவதில்லை. கைவினை வாஷிக்கு 2014இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம் கிடைத்தது.

இழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. இழையின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, காற்றினுடையது 1. ஒளி ஒவ்வோர் இழையிலும் நுழைந்து வெளியேறும்போது திசை மாறுகிறது. சில பத்து இழைகளைக் கடப்பதற்குள் எங்கிருந்து வந்தது என்பதே மறந்துபோன அளவுக்குச் சிதறிவிடுகிறது. ஆகவே விளக்கின் பரப்பில் ஒவ்வொரு புள்ளியும் எல்லாத் திசைக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒளி அனுப்பும். இதில் ஓவியருக்கு ஒரு பாடம் இருக்கிறது. வெளியிலிருந்து ஒளி விழும் பந்துக்கு ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் உண்டு. உள்ளிருந்து ஒளிரும் பந்து தட்டையான வட்டம்போலத்தான் தெரியும். சுடர் இருக்கும் உயரத்தில் மட்டும் சற்றுக் கூடுதல் வெளிச்சம், மேலும் கீழும் மெதுவாக மங்கல். விளக்கின் ஓரத்தைக் கருமையாக்கி உருட்சி காட்ட முயன்ற ஓவியங்களில் விளக்குகள் ஆரஞ்சுப் பழங்களாகிவிடுகின்றன. உருட்சியைச் சொல்லும் வேலை மூங்கில் வளையங்களுடையது: நடுவில் அகன்றும் விளிம்பை நோக்கி வளைந்தும் செல்லும் மெல்லிய கோடுகள் போதும்.

விளக்கின் மேல் கருப்பில் எழுதியிருக்கும் தடித்த எழுத்துகள் காணிக்கை கொடுத்தவர், கடை, தெரு ஆகியவற்றின் பெயர்கள். அந்த மை எண்ணெய்ப் புகையிலிருந்தோ பைன் மரப் புகையிலிருந்தோ சேர்த்த கரியால் ஆனது. கரி ஒளியைச் சிதறடிக்காமல் விழுங்குவதால் எழுத்து இரவிலும் கூர்மையாக நிற்கிறது. ஓவியத்தில் அந்த எழுத்தைப் படிக்கும்படி எழுத வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு மூன்று அடர்ந்த தீற்றல்கள் வைத்தாலே, பக்கத்துக் காகிதம் இன்னும் ஒரு படி வெளுக்கும்.

ஒரு தனி விளக்கிலிருந்து தொலைவு இரட்டிக்கும்போது விழும் வெளிச்சம் கால்பங்காகும். மும்மடங்கு தொலைவில் ஒன்பதில் ஒரு பங்கு. ஆனால் திருவிழாவில் விளக்குகள் தனியாக நிற்பதில்லை. நீண்ட வரிசையாகத் தொங்கும்போது, வரிசையின் நீளத்தோடு ஒப்பிட்டால் குறைவான தொலைவுகளில், வெளிச்சம் இரண்டு மடங்கு தூரத்தில் பாதியாகத்தான் குறைகிறது. அடுக்கடுக்காகக் கட்டிய விளக்குச் சுவருக்கு முன்னால் சில அடி முன்னும் பின்னும் நகர்ந்தால் வேறுபாடே தெரியாது. விளக்கடியில் நிற்கும் கூட்டம் ஒரே சீரான பொன்னிற ஒளியில் மிதப்பதும், கோயில் வேலியைத் தாண்டியதும் இருள் சட்டெனக் கவிவதும் இதனால்தான்.

இருள் என்றாலும் அது கருப்பு அல்ல. ஜூலையில் கியோட்டோவில் ஏழு மணிக்குப் பிறகு சூரியன் மறைகிறது. அடுத்த அரை மணி நேரம் வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதே பகல் வானத்தின் நீலத்துக்குக் காரணம் என்பது பலரும் அறிந்தது. அந்திக்குப் பின்னான நீலத்துக்கு அது மட்டும் போதாது என்று 1953இல் அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் ஹல்பர்ட் காட்டினார். தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிட்ட சூரியனின் ஒளி ஓசோன் படலத்தின் ஊடே சாய்வாக, நெடுந்தூரம் கடந்து வருகிறது. ஓசோன் அதிலுள்ள மஞ்சள், ஆரஞ்சு ஒளியை உறிஞ்சிக்கொள்ள, மிஞ்சுவது நீலம். உச்சி வானம் அந்த வேளையில் நீலமாக இருப்பதற்குப் பெரும்பங்கு ஓசோனே காரணம்.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் அளவில் சொல்வார்கள். மெழுகுவத்திச் சுடர் சுமார் 1,900 கெல்வின். பழைய இழை பல்பு சுமார் 2,700. நீல வானத்தின் ஒளி 10,000க்கும் மேல். ஒரே காட்சிக்குள் இந்த இரு முனைகளும் அருகருகே நிற்கும் அரை மணி நேரத்தைத்தான் பெரும்பாலான திருவிழா ஓவியங்கள் தேர்ந்துகொள்கின்றன. அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட், ஜப்பானியக் காகித விளக்குகளை இரு சிறுமிகள் ஏற்றும் காட்சியை 1885, 1886ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஒரு கிராமத் தோட்டத்தில் தீட்டினார். எண்ணெய் வண்ணம்தான்; ஆனாலும் விளக்கொளியும் வானொளியும் சமனாக நிற்கும் சில நிமிடங்களுக்காகவே நாள்தோறும் மாலையில் காத்திருந்து, இரண்டு ஆண்டுகளிலும் சில மாதங்கள் அதில் செலவிட்டார்.

அந்தி மங்கும்போது மனிதக் கண்ணிலும் ஒரு கைமாற்றம் நடக்கிறது. விழித்திரையில் நிறம் காணும் கூம்புச் செல்கள் நல்ல வெளிச்சத்தில் வேலை செய்பவை. மங்கிய ஒளியில் கோல் செல்கள் பொறுப்பேற்கின்றன. கூம்புகளின் கூட்டு உணர்திறன் 555 நானோமீட்டரில், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில், உச்சம் தொடுகிறது. கோல்களின் உச்சம் 507 நானோமீட்டர், நீலம் கலந்த பச்சை. ஆழ்ந்த சிவப்பைக் கோல் செல்கள் ஏறக்குறைய உணர்வதே இல்லை. பகலில் பளிச்சிட்ட சிவப்புப் பூ விடியலின் அரையிருளில் கருத்தும், அதன் இலைகள் அதைவிட வெளுத்தும் தெரிவதைச் செக் நாட்டு உடலியலாளர் யான் புர்கின்யே 1825இல் பதிவு செய்தார். கோயில் வாயிலில் நிற்கும் தோரீ என்னும் செந்நிற வளைவுக்கு நேர்வதும் இதுவே. ஒரு காலத்தில் பாதரச கந்தகச் சேர்மமான சிந்தூரத்தால் பூசப்பட்ட அந்தத் தூண்கள், விளக்கொளி படும் பக்கத்தில் நெருப்பாக எரியும். வான ஒளி மட்டும் படும் மறுபக்கத்தில் கருப்புக்கு இறங்கிவிடும். ஒரே தூணை ஒரே சிவப்பால் தீட்டினால் இரவு கலைந்துவிடுகிறது.

கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக அரை மணி நேரம் வரை பிடிக்கும். விளக்குகளுக்கு நடுவே நிற்பவருக்கு அந்தப் பழக்கம் கிட்டாது. பின்னாலுள்ள மரங்கள் ஒரே கரிய திரளாகத்தான் தெரியும். எனவே இலை இலையாகத் தீட்டிய மரம் இத்தகைய ஓவியத்தில் பொய்.

இனி ஓவியரின் உண்மையான நெருக்கடி. நேரில் காணும்போது விளக்கின் காகிதத்துக்கும் அதன் பின்னாலுள்ள நிழலடைந்த மரச்சுவருக்கும் வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபாடு இருக்கும். ஓவியத் தாளின் வெண்மை தன் மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 விழுக்காடு வரை திருப்பி அனுப்புகிறது. மிக அடர்ந்த நீர்வண்ணக் கருமைகூடச் சுமார் 4 விழுக்காட்டை அனுப்பத்தான் செய்யும். ஆக, ஓவியரின் கையில் இருப்பது ஏறக்குறைய இருபது மடங்கு வேறுபாடு மட்டுமே. ஆயிரங்களை இருபதுக்குள் அடக்க வேண்டும். மேலே ஏற இடமில்லை. தாளைவிட வெளுத்த வண்ணம் கிடையாது. கீழே இறங்கத்தான் முடியும்.

நீர்வண்ணம் என்பது நிறமித் துகள்களை வேல மரப் பிசினான அரபிக் கோந்தில் பிணைத்து, ஈரம் காக்கத் தேன் அல்லது கிளிசரின் சேர்த்தது. நீரில் கரைத்துப் பூசினால் துகள்கள் மெல்லிய, ஒளி ஊடுருவும் படலமாகத் தாளில் தங்கும். ஒளி அந்தப் படலத்தைக் கடந்து தாளைத் தொட்டு, மீண்டும் அதே படலத்தின் வழியே திரும்பி வருகிறது. ஒரு முறை கடக்கும்போது பாதி ஒளி குறையும் பூச்சு என்றால், திரும்பி வருவது கால்பங்கு. அதன் மேல் அதே பூச்சு இன்னொன்று வந்தால் பதினாறில் ஒரு பங்கு. இருள் கூட்டலில் வருவதில்லை, பெருக்கலில் வருகிறது. அதனால்தான் இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளில் நள்ளிரவை எட்டிவிட முடிகிறது. தாளின் வெண்மை அடியில் சிறிதளவு எப்போதும் உயிரோடிருப்பதால், அந்த இருளுக்குள் ஆழமும் இருக்கிறது. குழாயிலிருந்து நேரே எடுத்த கருப்பு இந்த ஆழத்தைத் தராது. அனுபவமுள்ளவர்கள் அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பைக் கலந்து இரவுக்கான கருமையை உண்டாக்குவது வழக்கம். நீலம் சற்றுக் கூடினால் வானம், பழுப்பு சற்றுக் கூடினால் கோயில் மரம். அல்ட்ராமரின் அந்நியப் பொருள் ஒன்றும் இல்லை: வெள்ளைத் துணிக்கு நீலம் போடத் தமிழ் வீடுகளில் நெடுநாள் கரைத்துவந்த நீலத்தூளும் அதே சேர்மம்தான்.

பூசும்போது போதுமான அளவு கருத்திருந்த வானம் காய்ந்ததும் வெளிறிப்போகும். புதிதாகப் பழகுபவர்களை மிகவும் சோர வைப்பது இதுதான். ஈரத்தில், தாளின் இழைகளுக்கும் துகள்களுக்கும் இடையிலான இடைவெளியை நீர் நிரப்புகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, அது இழையின் எண்ணுக்கு நெருக்கமானது என்பதால் ஒளி குறைவாகச் சிதறி, ஆழமாக உள்ளே சென்று உறிஞ்சப்படுகிறது. காய்ந்தபின் அந்த இடத்தில் காற்று புகுந்து சிதறலைக் கூட்டுகிறது. நனைந்த மணல் கருத்தும் காய்ந்த மணல் வெளுத்தும் தெரிவதற்கும் இதுவே காரணம். ஆகவே இரவு வானத்தை, கண்ணுக்குச் சரியென்று படுவதைவிட ஒரு படி அதிகக் கருமையாகப் பூச வேண்டியிருக்கிறது.

விளக்குகளின் வெண்மையைக் காப்பதற்கு வழிகள் சில. அம்மோனியா கலந்த ரப்பர் பாலான மாஸ்கிங் திரவத்தை முதலில் தடவி, எல்லாம் காய்ந்தபின் உரித்தெடுக்கலாம். விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் வரும். சிறு சிறு சுடர்களைக் கடைசியில் கத்தி முனையால் சுரண்டியும் எடுக்கலாம். வெள்ளை வண்ணத்தை மேலே வைப்பது எளிது; ஆனால் அந்த வெண்மை சுண்ணாம்புபோல் படலத்தின் மேல் அமர்ந்திருக்கும், ஒளிராது. எல்லாவற்றிலும் சிறந்தது, விளக்கைத் தொடாமல் தூரிகையைச் சுற்றிக் கொண்டுபோவது. இதற்கு உறுதியான கை வேண்டும், முன்கூட்டிய திட்டமும் வேண்டும். அந்த உழைப்புக்கு இயற்கை ஒரு கூலி கொடுக்கிறது. ஈரப் பூச்சின் விளிம்பு தாளைப் பற்றிக்கொண்டு நகராமல் நிற்கும். அங்கே நீர் வேகமாக ஆவியாகும். இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடி, துகள்களையும் சுமந்துகொண்டு வரும். மேசையில் சிந்திய காப்பி காய்ந்தால் ஓரத்தில் கருவளையம் விழுவதற்கான இந்தக் காரணத்தைச் சிகாகோ இயற்பியலாளர்கள் 1997இல் விளக்கினார்கள். இரவு வானப் பூச்சு விளக்கின் ஓரத்தில் முடியும்போது, அதே விதிப்படி ஒரு மெல்லிய கருங்கோடு தானாகவே விழுகிறது. வெண்மையை ஒட்டினாற்போல் மிகக் கரிய கோடு. வெளிச்சமும் இருளும் சந்திக்கும் எல்லையில் மனிதக் கண் தானாகவே வேறுபாட்டைக் கூட்டிக் காண்கிறது என்று இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865இல் கண்டறிந்தார். கண் செய்வதை வண்ணமும் முன்கூட்டியே செய்துவைக்கிறது.

கூர்விளிம்பு மட்டும் இருந்தால் விளக்கு கத்தரித்து ஒட்டிய வெள்ளைத் தாளாகத்தான் நிற்கும். அதை எரிய வைப்பது ஒளிவட்டம். தாளை முன்பே நனைத்து, விளக்கைச் சுற்றி வெளிர் மஞ்சள், அதையடுத்து ஆரஞ்சு, அதற்கப்பால் ஊதா, பிறகு நீலம் என வைத்தால், நீர் துகள்களை இழைகளின் நுண்புழைகள் வழியே இழுத்துச் சென்று எல்லையே தெரியாமல் கலக்கும். துணிக்குக் கஞ்சி போடுவதுபோல் பருத்தித் தாளுக்கு ஜெலட்டின் பசை ஏற்றியிருப்பதால், நீர் உடனே உள்ளிறங்காமல் மேற்பரப்பில் சிறிது நேரம் நடமாட முடிகிறது. கியோட்டோவின் மழைக்கால இறுதி ஈரக்காற்றில் திறந்தவெளியில் வரைபவருக்கு இந்த நேரம் இன்னும் நீளும்.

ஒளிவட்டத்தின் ஆற்றலை மிகத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் கியோட்டோவின் ரிட்சுமேய்க்கன் பல்கலைக்கழகக் காட்சியியல் ஆய்வாளர் அக்கியோஷி கிட்டவோக்கா. நடுவில் வெறும் வெண்மை, அதை நோக்கிப் படிப்படியாக வெளுத்துவரும் மஞ்சள் இதழ்கள்: அவ்வளவுதான் அவருடைய ‘அசாஹி’ படம். நடுவெண்மை பக்கத்துத் தாளின் வெண்மையைவிடத் துளியும் அதிகமில்லை. பார்ப்பவருக்கோ அது சூரியன்போல் ஒளிர்கிறது. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் புரூனோ லெங், டூர் எண்டெஸ்டாட் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வகைப் படங்களைப் பார்ப்பவர்களின் கண்பாவை சுருங்குவதை அளந்தார்கள். ஒளி கூடவில்லை, ஆனாலும் கண் கூச்சத்துக்குத் தயாராகிறது. படிப்படியாகப் பெருகும் வெளிச்சத்தின் முடிவில் ஒளிமூலம் ஒன்று இருக்கும் என்று மூளை தீர்மானித்துவிடுகிறது. நல்ல திருவிழா ஓவியத்தின் முன் நிற்பவரின் கண்ணும் இப்படித்தான் ஏமாறுகிறது என்று நம்ப இடமிருக்கிறது.

நிறமும் இதற்கு ஒத்துழைக்கிறது. பாரிஸின் கோப்லன் திரைச்சீலைப் பட்டறையில் சாயங்களுக்குப் பொறுப்பாயிருந்த வேதியியலாளர் ஷெவ்ரல், நெசவில் கருப்பு நூல் மங்கித் தெரிவதாக வந்த புகாரை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் இருக்கிறது என்று கண்டார்; 1839இல் அதை நூலாக எழுதினார். ஒவ்வொரு நிறமும் தன் எதிர் நிறத்தைப் பக்கத்தில் சாய்க்கிறது. ஆரஞ்சு விளக்கின் அருகே வைத்த வெறும் சாம்பல்கூட நீலமாகும். நீல வானத்தின் நடுவே விட்ட வெற்றுத் தாள் சற்று மஞ்சளாகும். இதனால் ஓவியர் விளக்கில் மஞ்சளை அளவுக்கு மீறிக் கொட்ட வேண்டியதில்லை.

மழை பெய்து ஓய்ந்த கல்தரையில் விளக்கின் பிம்பம் வட்டமாக விழாமல், பார்ப்பவரை நோக்கி நீண்ட செங்குத்துப் பட்டையாக விழும். ஈரத்தரையின் சிறு சிறு சாய்வுகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடியாவதே காரணம். ஈரமான பூச்சின் மேல் தூரிகையை ஒருமுறை கீழ்நோக்கி இழுத்தால் அது கிடைத்துவிடுகிறது.

ஜப்பானிய ஓவிய மரபில் இரவு இப்படி நெடுங்காலம் தீட்டப்படவில்லை. பழைய சுருள் ஓவியங்களில் ஒரு விளக்கையோ நிலவையோ வரைந்துவிட்டால் அது இரவு என்று பொருள். முகமும் உடையும் பகல்போலவே தெளிவாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் பரவலான, பெர்லினில் பிறந்த பிரஷ்யன் நீலம் ஆழமான இரவு வானத்தைக் கைக்கெட்ட வைத்தது. அச்சு ஓவியர்களான ஹொக்குசாயும் ஹிரோஷிகேயும் அதைப் பெரிதும் கையாண்டார்கள். ஹொக்குசாயின் மகள் கட்சுஷிகா ஓய் தீட்டிய, யோஷிவாரா என்னும் கேளிக்கைப் பகுதியின் இரவுக் காட்சியில் கைவிளக்குகளின் ஒளி நிலத்தில் விழும் விதம் மிகக் கூர்மையானது. இருட்டு அங்கே உருவங்களை உண்மையிலேயே மறைக்கிறது. கோபயாஷி கியோச்சிகா 1876 முதல் ‘ஒளிக்கதிர்ப் படங்கள்’ என்ற பெயர் பெற்ற அச்சுகளில் டோக்கியோவின் விளக்கொளியைத் தொடர்ந்து ஆராய்ந்தார். நீர்வண்ணம் தனிக் கலையாகப் பரவியது அதன் பிறகு. ஓஷிதா தோஜிரோ 1901இல் எழுதிய நீர்வண்ணக் கையேடும், 1905இல் தொடங்கிய ‘மிசுயே’ இதழும் அதைப் பள்ளி மாணவர்வரை கொண்டுசேர்த்தன. நீர்வண்ணத்தில் பெயர் பெற்றுப் பிறகு அச்சுக்கலைக்கு வந்த ஹிரோஷி யோஷிதா, 1926இல் ஒரே பாய்மரப் படகுக் காட்சியை ஒரே மரக்கட்டைகளைக் கொண்டு காலை, மாலை, இரவு எனப் பல வேளைகளாக அச்சிட்டார். மாறியது நிறம் மட்டுமே.

இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய ஒளியை, வெளிச்சமே அழிக்கவும் கூடும். மெல்லிய படலம் என்பதால் துகள்களுக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு அறிவியலாளர்கள் 1888இல் அளித்த அறிக்கை, கார்மைன் போன்ற நிறமிகள் வெயிலில் வெளிறிப்போவதைச் சோதனை மூலம் காட்டியது. பிரஷ்யன் நீலம் ஒளியில் மங்கி, இருட்டில் வைத்தால் ஓரளவு மீளும் விந்தையான பொருள். அல்ட்ராமரின் ஒளியைத் தாங்கும், அமிலத்தைத் தாங்காது. நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்குச் செல்லும் என்றால், அருங்காட்சியகங்கள் நீர்வண்ண ஓவியத்துக்கு அனுமதிப்பது வழக்கமாக 50 லக்ஸ். சில மாதங்கள் காட்சிக்கு வைத்தபின், அமிலமில்லாத அட்டைகளுக்கு நடுவே, மூடிய இழுப்பறையின் இருட்டில் அவற்றை ஆண்டுக்கணக்கில் ஓய்வுக்கு வைக்கிறார்கள்.